நாள் குறித்து நடக்கும் அப்கிரேடு: பிளாக்செயின் நெட்வொர்க்குகள் எப்படித் தயாராகின்றன?

உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் வந்திருக்கிறது என்று ஒரு செய்தி தோன்றுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்ற பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வீர்கள். ஒரு வாரம் கழித்து அப்டேட் செய்தாலும் குடி முழுகிப் போகாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்த வெர்ஷன் வைத்திருக்கிறார் என்பதைப் பற்றி உங்கள் கம்ப்யூட்டருக்குக் கவலையே இல்லை.

ஆனால் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள், குறித்த ஒரு நாளில், குறித்த ஒரு நொடியில், ஒரே நேரத்தில் புதிய விதிகளுக்கு மாற வேண்டும் என்றால்? அவற்றின் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள். அவர்களுக்கு உத்தரவு போட ஒரு தலைமை அலுவலகமும் இல்லை. நெட்வொர்க்கை நிறுத்தி வைத்துவிட்டு நிதானமாக மாற்றலாம் என்றால், உள்ளே இருப்பது கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள மக்கள் பணம். இதைத்தான் பிளாக்செயின் நெட்வொர்க்குகள் ஆண்டுக்கு ஒருமுறை, இருமுறை என்று செய்து கொண்டிருக்கின்றன.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். புதிய வெர்ஷன் வெளியிடும் நாள் என்றாலே எங்கள் டீமில் எல்லோருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் வெளியிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதப்படாத சட்டம். ஆனாலும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏதாவது தவறாகிவிட்டால் சர்வரில் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுவிடலாம். பிளாக்செயினில் அது அவ்வளவு எளிதல்ல. அதனால்தான் அவர்கள் எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதைக் கவனிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு ஆகிவிட்டது. அந்தத் திட்டமிடல் எப்படி நடக்கிறது, அதில் நம்மைப் போன்ற சாதாரணப் பயனாளர்களுக்கு என்ன இருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஸ்கேலிங் நெட்வொர்க் என்றால் என்ன?

எத்திரியம் என்பது 2015ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று தொடங்கப்பட்ட பிளாக்செயின். இதில் பணம் அனுப்புவதோடு, சிறு சிறு ப்ரோகிராம்களையும் இயக்கலாம். இதன் பெரிய குறை வேகம். பல ஆண்டுகளாக நொடிக்குச் சுமார் 15 பரிமாற்றங்கள்தான் இதனால் செய்ய முடிந்தது. கூட்டம் அதிகமானால் கட்டணமும் ஏறிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்தவைதான் ஸ்கேலிங் நெட்வொர்க்குகள். இவற்றில் ரோல்அப் என்ற வகை இப்போது பிரபலம். ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் ஆகியவை இந்த வகை. நூற்றுக்கணக்கான பரிமாற்றங்களைத் தனியாக ஒரு நெட்வொர்க்கில் வேகமாகச் செய்து முடித்து, அவற்றின் விவரங்களை மட்டும் சுருக்கி மொத்தமாக எத்திரியத்தில் பதிவு செய்துவிடுவார்கள். பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக ஆட்டோ பிடிக்காமல் ஒரே வேனில் போவது போலத்தான். வாடகை பங்காகிவிடும்.

நம் நாட்டவருக்கும் இதில் பங்கு உண்டு. 2017ஆம் ஆண்டு ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் தொடங்கிய மேட்டிக் நெட்வொர்க்தான், 2021 பிப்ரவரியில் பாலிகான் என்று பெயர் மாற்றிக் கொண்டது. பாலிகானின் முக்கிய நெட்வொர்க் கண்டிப்பான அர்த்தத்தில் ரோல்அப் அல்ல. தனக்கென்று வேலிடேட்டர்களை வைத்துக்கொண்டு எத்திரியத்துக்குப் பக்கத்தில் ஓடும் செயின் அது. ஆனால் நோக்கம் ஒன்றுதான்: குறைந்த கட்டணம், அதிக வேகம்.

ஏன் எல்லோரும் சேர்ந்து மாற வேண்டும்?

பிளாக்செயினில் இணைந்துள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நோடு என்று பெயர். ஒவ்வொரு நோடும் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்தால் மட்டுமே புதிய பிளாக்கை ஏற்றுக் கொள்ளும். விதிகளை மாற்றினால், புதிய விதிப்படி உருவான பிளாக்கைப் பழைய சாப்ட்வேர் தவறு என்று ஒதுக்கிவிடும். அப்போது ஒரே செயின் இரண்டாகப் பிரிந்துவிடும். இப்படிப்பட்ட விதி மாற்றத்தைத்தான் ஹார்டு ஃபோர்க் என்கிறார்கள்.

பழைய வெர்ஷனிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் 2020 நவம்பர் 11 அன்று நடந்தது. எத்திரியத்தின் கெத் என்ற சாப்ட்வேரில் இருந்த ஒரு பழைய பிழையை, அதை உருவாக்கியவர்கள் பெரிதாக விளம்பரம் செய்யாமல் ஒரு புதிய வெர்ஷனில் சரி செய்திருந்தார்கள். இன்ஃபுரா என்ற பெரிய சேவை நிறுவனம் சற்றுப் பழைய வெர்ஷன்களைப் பயன்படுத்தி வந்தது. அந்தப் பிழையைத் தொடும் ஒரு பரிமாற்றம் அன்று வந்து சேர, பழைய வெர்ஷன்கள் ஒரு பக்கமும் புதிய வெர்ஷன்கள் மறு பக்கமும் போய்விட்டன. இன்ஃபுராவை நம்பியிருந்த ஏராளமான வாலட்களும் இணையச் சேவைகளும் பல மணி நேரம் தடுமாறின. பைனான்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகள் பணம் எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தின. அறிவிக்கப்படாத ஒரு சிறு மாற்றத்துக்கே இந்தக் கதி என்றால், அறிவித்துச் செய்யும் பெரிய மாற்றத்துக்கு எவ்வளவு தயாரிப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசனை முதல் முகூர்த்தம் வரை

ஸ்கேலிங் நெட்வொர்க்குகளின் வரலாற்றில் மிக முக்கியமான அப்கிரேடு 2024 மார்ச் 13 அன்று எத்திரியத்தில் நடந்த டென்குன். ரோல்அப்கள் தங்கள் விவரங்களைப் பதிவு செய்ய, பிளாப் எனப்படும் மலிவான தனி இடம் இதில்தான் உருவாக்கப்பட்டது. ஒரு பிளாப் 128 கிலோ பைட் அளவு. இது எப்படிப் படிப்படியாக வந்தது என்று பார்த்தால் திட்டமிடல் முறை முழுவதும் புரிந்துவிடும்.

முதல் படி, யோசனை. இ.ஐ.பி. 4844 என்ற எண்ணுடன் இந்த யோசனை 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் எழுதப்பட்டது. யார் வேண்டுமானாலும் யோசனை எழுதலாம். ஆனால் அது பலர் முன் வாதாடி நிற்க வேண்டும். இது நடைமுறைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது படி, சாப்ட்வேர் எழுதுவது. எத்திரியத்தில் ஒரே சாப்ட்வேர் கிடையாது. கெத், நெதர்மைண்ட், பெசு, பிரிசம், லைட்ஹவுஸ், டெக்கு என்று வெவ்வேறு குழுக்கள், வெவ்வேறு ப்ரோகிராமிங் மொழிகளில் எழுதிய பல கிளையண்டுகள் இருக்கின்றன. ஒரே விதியை இத்தனை பேரும் தனித்தனியாக எழுதி, எல்லோருக்கும் ஒரே விடை வர வேண்டும்.

மூன்றாவது படி, டெவ்நெட். புரோகிராமர்கள் மட்டும் விளையாடிப் பார்க்கும் தற்காலிக நெட்வொர்க் இது. உடைப்பதற்காகவே உருவாக்குவார்கள். டென்குனுக்காக இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட டெவ்நெட்டுகள் தொடங்கப்பட்டு மூடப்பட்டன.

நான்காவது படி, டெஸ்ட்நெட். இது பொதுமக்களுக்கும் திறந்த ஒத்திகை மேடை. இங்கே உள்ள காயின்களுக்கு மதிப்பு கிடையாது. டென்குன் 2024 ஜனவரி 17 அன்று கோர்லி, ஜனவரி 30 அன்று செபோலியா, பிப்ரவரி 7 அன்று ஹோலெஸ்கி என மூன்று டெஸ்ட்நெட்களில் ஓடியது. முதல் ஒத்திகையிலேயே பிரிசம் கிளையண்டில் இருந்த ஒரு பிழையால் கோர்லி சில மணி நேரம் தடுமாறியது. ஒத்திகையில் தடுமாறியதால் அரங்கேற்றத்தில் தடுமாறவில்லை.

ஐந்தாவது படி, நாள் குறிப்பது. மூன்று ஒத்திகையும் முடிந்த பிறகே நிஜ நெட்வொர்க்குக்கு நாள் குறித்தார்கள். குறித்த நேரம் சாப்ட்வேருக்குள்ளேயே எண்ணாகப் பதிந்திருக்கும். நோடு வைத்திருப்பவர் முன்கூட்டியே புதிய வெர்ஷனைப் போட்டுவிட்டால் போதும். அந்த நேரம் வரும் வரை அது பழைய விதிப்படி ஓடும். நேரம் வந்ததும் தானாகவே மாறிக் கொள்ளும். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துப் பத்திரிகை அடிப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரத்தில் யாரும் யாருக்கும் போன் செய்து சொல்ல வேண்டியதில்லை.

அன்று இந்திய நேரம் இரவு 7.25க்கு டென்குன் அமலுக்கு வந்தது. வேலை அத்தோடு முடியவில்லை. பிளாப் என்ற வசதி கீழே வந்துவிட்டாலும், அதைப் பயன்படுத்த ரோல்அப்களும் தங்கள் பக்கத்தில் மாற வேண்டும். ஆப்டிமிசம் குழுவினர் இதற்காக ஈகோடோன் என்ற தங்கள் அப்கிரேடை முன்பே தயார் செய்து வைத்திருந்தார்கள். அது மறுநாள் மார்ச் 14 அன்று, இந்திய நேரம் அதிகாலை 5 மணி 30 நிமிடம் 1 நொடிக்கு அமலுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் சுமார் பத்து மணி நேரம். கீழே உள்ள அஸ்திவாரம் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க அந்த இடைவெளி போதும். இதன் பிறகு பல ரோல்அப்களில் கட்டணம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

ஸ்கேலிங் நெட்வொர்க்கின் திட்டமிடலில் இதுதான் தனிச் சிக்கல். மாடி கட்டுகிறவர், கீழ்த்தளத்தில் வேறொருவர் செய்யும் வேலையின் தேதியையும் பார்த்துத்தான் தன் தேதியைக் குறிக்க வேண்டும். கீழே தள்ளிப் போனால் மேலேயும் தள்ளிப் போகும்.

ஒத்திகையே சிதறிப் போனால்?

2025ஆம் ஆண்டு பெக்ட்ரா என்ற அடுத்த அப்கிரேடுக்கான ஒத்திகை பிப்ரவரி 24 அன்று ஹோலெஸ்கி டெஸ்ட்நெட்டில் நடந்தது. மூன்று முக்கியமான கிளையண்டுகளில், ஹோலெஸ்கிக்கான டெபாசிட் கான்ட்ராக்ட் முகவரி தவறாக அமைந்திருந்தது. கவனியுங்கள், புதிய விதிகளில் பிழை இல்லை. செட்டிங்ஸில் ஒரு முகவரி தவறு, அவ்வளவுதான். ஆனால் மூன்று கிளையண்டுகளும் ஒரே மாதிரி தவறு செய்ததால், பெரும்பான்மையான நோடுகள் தவறான பிளாக்கைச் சரி என்று ஏற்றுக் கொண்டு போய்விட்டன. சரியாக வேலை செய்த கிளையண்டுகள் சிறுபான்மையாகி நின்றன. ஹோலெஸ்கி மீண்டும் இயல்பு நிலைக்கு வர மார்ச் 10 வரை ஆயிற்று.

மார்ச் 5 அன்று செபோலியாவில் நடந்த இரண்டாவது ஒத்திகையிலும் சிக்கல் வந்தது. இரண்டு டெஸ்ட்நெட்டிலும் அடி. இனி என்ன செய்வது? அவசரப்பட்டு நிஜ நெட்வொர்க்குக்குப் போகவில்லை. ஹூடி என்ற பெயரில் மார்ச் 17 அன்று புதிதாக ஒரு டெஸ்ட்நெட்டையே தொடங்கினார்கள். மார்ச் 26 அன்று அதில் பெக்ட்ரா சிக்கலின்றி ஓடியது. அதன் பிறகே மே 7 அன்று நிஜ எத்திரியத்தில் அமலுக்கு வந்தது. அதில் ரோல்அப்களுக்கான பிளாப் இடமும் இரட்டிப்பானது.

இதில் நான் கற்றுக் கொண்ட பாடம் ஒன்று உண்டு. ப்ரோகிராமைச் சோதிக்கிற அளவுக்கு செட்டிங்ஸ் ஃபைலை யாரும் சோதிப்பதில்லை. எந்த சாப்ட்வேர் வேலையிலும் இது பொருந்தும்.

கடைசி நேரத்தில் நிறுத்துவதும் திட்டத்தில் உண்டு

2019 ஜனவரி மத்தியில் கான்ஸ்டான்டினோபிள் என்ற அப்கிரேடு எத்திரியத்தில் நடக்க இருந்தது. இரண்டே நாள் பாக்கி. ஜனவரி 15 அன்று செயின்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம், புதிய விதிகளில் ஒன்று ஏற்கெனவே உள்ள சில ப்ரோகிராம்களில் திருட்டுக்கு வழி செய்யக்கூடும் என்று கண்டுபிடித்தது. உடனே அப்கிரேடை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கும் எல்லா நோடுகளிலும் ஒரு புதிய வெர்ஷன் போட வேண்டும். ஏனென்றால் முகூர்த்த நேரம் ஏற்கெனவே சாப்ட்வேருக்குள் பதிந்துவிட்டதே! உலகம் முழுவதும் நோடு வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக மாற்றினார்கள். சிக்கலான விதியை நீக்கிவிட்டு, பிப்ரவரி 28 அன்று அப்கிரேடு நடந்தது.

ஆப்டிமிசத்தின் கதை இன்னும் சுவையானது. 2024 ஜூன் 10 அன்று அவர்கள் ஃபால்ட் ப்ரூஃப் என்ற வசதியை அமல்படுத்தினார்கள். தவறான கணக்கு பதிவானால் யார் வேண்டுமானாலும் அதை எதிர்த்து நிரூபிக்கலாம் என்பது இதன் பொருள். அதுவரை அந்த அதிகாரம் நம்பிக்கைக்குரிய சிலரிடம் மட்டுமே இருந்தது. ஆகஸ்ட் மாதம், அதற்குப் பிறகு நடந்த பாதுகாப்பு ஆய்வுகளில் சில பிழைகள் தெரிய வந்தன. யாரும் அவற்றைப் பயன்படுத்தித் திருடவில்லை. ஆனாலும் தாமதிக்காமல் பழைய முறைக்கே தற்காலிகமாகத் திரும்பிவிட்டார்கள். பிழைகளைச் சரி செய்து, செப்டம்பரில் கிரானைட் என்ற அப்கிரேடு மூலம் மீண்டும் கொண்டு வந்தார்கள்.

திரும்பிப் போக ஒரு பாதையை முன்பே கட்டி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. பிளாக்செயினில் முடிந்த பரிமாற்றங்களை அழிக்க முடியாது. எனவே "எதைத் திரும்பப் பெற முடியும், எதை முடியாது" என்ற பட்டியலைத் திட்டமிடும் போதே எழுதிவிட வேண்டும்.

நடுவழியில் இருக்கும் பணம்

ஆப்டிமிசம் போன்ற ரோல்அப்பிலிருந்து எத்திரியத்துக்கு நேரடியாகப் பணத்தைத் திரும்ப எடுக்க ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். கணக்கில் தவறு இருந்தால் எதிர்க்க அந்த அவகாசம். ஒருவர் திங்கட்கிழமை பணம் எடுக்க விண்ணப்பிக்கிறார். வியாழக்கிழமை அப்கிரேடு நடக்கிறது. அவர் பணம் பழைய விதியிலா, புதிய விதியிலா?

மேலே சொன்ன 2024 ஜூன் அப்கிரேடில், முடியாமல் நிலுவையில் இருந்த எல்லா விண்ணப்பங்களையும் பயனாளர்கள் மறுபடியும் நிரூபித்து, மறுபடியும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பழைய முறைக்குத் திரும்பிய போதும் அதே கதை. பணம் போகவில்லை. ஆனால் ஆறு நாள் காத்திருந்தவர் திரும்பவும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்த பணமாக இருந்தால் அந்த ஒரு வாரம் சாதாரண விஷயமா? அதனால்தான் இத்தகைய அப்கிரேடுகளின் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்கள். அறிவிப்பைப் படிப்பது நம் பொறுப்பு.

ரகசியமாகச் செய்த ஒரு அப்கிரேடு

முன்கூட்டியே அறிவிப்பது நல்லது என்றேன். எப்போதும் அப்படியா? பாலிகானில் நடந்ததைக் கேளுங்கள்.

2021 டிசம்பர் 3 அன்று, நல்ல நோக்கமுள்ள ஒரு ஹேக்கர் பாலிகானின் முக்கிய கான்ட்ராக்டில் ஒரு ஓட்டை இருப்பதாகத் தகவல் அனுப்பினார். அனுப்புகிறவரிடம் போதுமான இருப்பு இருக்கிறதா என்ற சோதனை ஓரிடத்தில் விடுபட்டிருந்தது. அதன் வழியாக 900 கோடிக்கும் அதிகமான மேட்டிக் காயின்களை எடுத்துவிட முடியும். மொத்தம் இருந்ததே 1,000 கோடி காயின்கள்தான்!

இப்போது என்ன செய்வது? "இந்த ஓட்டையை அடைக்க அடுத்த மாதம் அப்கிரேடு" என்று அறிவித்தால் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலாகிவிடும். எனவே காரணத்தை வெளியே சொல்லாமல், வேலிடேட்டர்களை மட்டும் தொடர்பு கொண்டு, டெஸ்ட்நெட்டில் சரிபார்த்து, டிசம்பர் 5 அன்று நிஜ நெட்வொர்க்கில் ஹார்டு ஃபோர்க் செய்து முடித்தார்கள். அதற்குள் ஒரு திருடன் 8,01,601 மேட்டிக் காயின்களை எடுத்துவிட்டான். அந்த இழப்பை பாலிகான் அமைப்பே ஏற்றுக் கொண்டது. ஓட்டையைச் சொன்ன இருவருக்குச் சுமார் 34.6 லட்சம் டாலர் பரிசு கொடுத்தார்கள். முழு விவரமும் டிசம்பர் 29 அன்றுதான் வெளியானது.

இதைச் சரி என்பதா, தவறு என்பதா? மக்கள் பணம் காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் ஒரு சிலர் சேர்ந்து காரணம் சொல்லாமல் இரண்டு நாளில் விதியை மாற்ற முடிகிறது என்பதும் உண்மை. நல்லவர்கள் கையில் அந்த அதிகாரம் இருக்கும் வரை சரி. அவர்களுடைய சாவிகள் திருடு போனால்?

எல்லா ஸ்கேலிங் நெட்வொர்க்குகளும் இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகின்றன. ஆர்பிட்ரம் நெட்வொர்க்கில் 12 பேர் கொண்ட ஒரு பாதுகாப்புக் குழு உண்டு. அவர்களில் 9 பேர் கையெழுத்திட்டால் மட்டுமே அவசர மாற்றம் செய்யலாம். அவசரமற்ற மாற்றங்களுக்கு ஓட்டெடுப்பும் காத்திருப்புக் காலமும் உண்டு. மாற்றம் பிடிக்காதவர்கள் அந்தக் காலத்துக்குள் தங்கள் பணத்தை எடுத்துக் கொண்டு வெளியேறலாம். ரோல்அப்களை மதிப்பிடும் எல்2பீட் என்ற அமைப்பு, மிக உயர்ந்த நிலையைப் பெற வேண்டுமானால் இத்தகைய அவகாசம் 30 நாட்களாவது இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நெட்வொர்க்கில் பணம் போடும் முன் அதன் வேகத்தையும் கட்டணத்தையும் மட்டும் பார்க்காதீர்கள். விதியை மாற்ற யாருக்கு உரிமை, எத்தனை நாள் நோட்டீஸ் என்பதையும் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்று பார்க்கிறோம் அல்லவா?

சிறுகச் சிறுக

அப்கிரேடுகளை முடிந்தவரை சிறிதாக்குவது இன்னொரு வழி. பாலிகான் 2023 ஜனவரி 17 அன்று செய்த டெல்லி என்ற ஹார்டு ஃபோர்க்கில் முக்கியமாக இரண்டே இரண்டு எண்கள்தான் மாறின. கட்டணம் திடீரென்று எகிறுவதைக் குறைக்க ஒரு எண் 8லிருந்து 16 ஆனது. ஒரு வேலிடேட்டர் தொடர்ச்சியாக உருவாக்கும் பிளாக்குகளின் எண்ணிக்கை 64லிருந்து 16 ஆகக் குறைந்தது. மாற்றம் சிறிது என்றால், ஏதாவது தவறினால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிது.

எத்திரியமும் இப்போது இந்த வழிக்கு வந்துவிட்டது. 2025 டிசம்பர் 3 அன்று ஃபுசாகா என்ற அப்கிரேடு நடந்தது. அதன் பிறகு பிளாப் எண்ணிக்கையை மட்டும் இரண்டு தவணையாக உயர்த்தினார்கள். டிசம்பர் 9 அன்று ஒரு பிளாக்குக்கு இலக்கு 10 ஆனது. 2026 ஜனவரி 7 அன்று 14 ஆனது. டென்குனில் இது வெறும் 3 ஆக இருந்தது.

இந்த எண்களை ஏன் மெதுவாக உயர்த்துகிறார்கள்? காரணம் நம்மைப் போன்ற வீட்டுப் பயனாளர்கள்தான். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 12 நொடிக்கு ஒரு பிளாக் என்றால் நாளைக்கு 7,200. பிளாக்குக்கு 3 பிளாப் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 2.6 ஜிபி. பிளாப்களைச் சுமார் 18 நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது விதி. ஆக, ஹார்ட் டிஸ்கில் சுமார் 48 ஜிபி இடம் வேண்டும். இதையே 14 பிளாப் ஆக்கினால் 220 ஜிபியைத் தாண்டிவிடும். இண்டர்நெட் கனெக்ஷனுக்கும் சுமை கூடும். வீட்டில் நோடு வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள். கடைசியில் பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் மட்டுமே மிஞ்சும்.

ஃபுசாகாவில் வந்த பியர்டாஸ் என்ற நுட்பம் இதற்கு ஒரு தீர்வு. ஒவ்வொரு நோடும் எல்லா பிளாப்களையும் முழுதாகச் சேமிக்க வேண்டாம். சாதாரண வீட்டு நோடு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை வைத்திருந்தால் போதும். மீதியை மற்றவர்கள் வைத்திருப்பார்கள். இப்போது அதே கணக்கு 28 ஜிபி அளவுக்கு இறங்கிவிடும். இடம் ஐந்து மடங்கு கூடியும் நம் ஹார்ட் டிஸ்க் முன்பைவிடக் குறைவாகவே நிரம்புகிறது!

அப்கிரேடு நாளில் நீங்கள் செய்ய வேண்டியவை

1. வாலட்டில் காயின் மட்டும் வைத்திருப்பவர் என்றால், பெரும்பாலான அப்கிரேடுகளில் நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. உங்கள் இருப்பு தானாகவே தொடரும்.

2. "அப்கிரேடுக்காக உங்கள் காயினை இந்த முகவரிக்கு அனுப்புங்கள்", "வாலட்டைப் புதுப்பிக்க 12 சொற்களை டைப் செய்யுங்கள்" என்று வரும் மெயில், எஸ்.எம்.எஸ். எல்லாம் மோசடி. ஒவ்வொரு பெரிய அப்கிரேடின் போதும் இவை மழைக்காலக் காளான் போல முளைக்கும். அந்த 12 அல்லது 24 சொற்களை எந்த அப்கிரேடும் கேட்காது.

3. விதிவிலக்குகள் உண்டு. 2024 செப்டம்பர் 4 அன்று பாலிகானின் மேட்டிக் காயின் பால் என்று மாறிய போது, பாலிகான் நெட்வொர்க்கில் இருந்தவை தானாக மாறின. எத்திரியம் நெட்வொர்க்கில் வைத்திருந்தவர்கள் தாங்களே மாற்ற வேண்டியிருந்தது. இத்தகைய நேரத்தில் மெயிலில் வந்த லிங்க்கை அழுத்தாமல், நெட்வொர்க்கின் முகவரியை நீங்களே டைப் செய்து போய்ப் படியுங்கள்.

4. அப்கிரேடு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பெரிய தொகை எதையும் அனுப்ப வேண்டாம். எக்ஸ்சேஞ்சுகள் அந்த நேரத்தில் டெபாசிட்டை நிறுத்தி வைப்பது வழக்கம்.

5. ரோல்அப்பிலிருந்து பணம் எடுக்கப் போகிறீர்களா? அடுத்த பத்து நாளில் அந்த நெட்வொர்க்கில் அப்கிரேடு ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

6. வீட்டில் நோடு இயக்குபவர் என்றால் சில நாட்கள் முன்பே புதிய வெர்ஷனைப் போட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்கில் இடம், கம்ப்யூட்டரின் கடிகாரம், யூ.பி.எஸ். பேட்டரி மூன்றையும் சரிபாருங்கள். கடிகாரம் சில நொடிகள் தவறினாலே நோடு தடுமாறும்.

7. எல்லோரும் பயன்படுத்தும் கிளையண்டையே நீங்களும் போட வேண்டும் என்பதில்லை. ஃபுசாகாவுக்கு மறுநாள் பிரிசம் கிளையண்டில் ஒரு பிழை வந்து, வேலிடேட்டர்களின் பங்கேற்பு சுமார் 75 சதவீதமாகக் குறைந்தது. மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் நெட்வொர்க் தாக்குப் பிடிக்கும். மற்றவர்கள் வேறு கிளையண்டுகளில் இருந்ததால்தான் அன்று தப்பித்தது.

அடுத்து ஏதாவது ஒரு நெட்வொர்க் அப்கிரேடு தேதியைத் தள்ளி வைத்திருக்கிறது என்று செய்தி வந்தால், "இவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று நினைக்க வேண்டாம். யாரோ ஒருவர் ஒத்திகையில் ஒரு பிழையைப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். காலண்டரில் பழைய தேதியை அடித்துவிட்டு, புதிய தேதியைக் குறித்துக் கொள்ளுங்கள். அதுவரை யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றுவதற்கு உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.